இரண்டு முனையிலும் நின்றவர்

தெஹியோவிட்ட டவுனில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கும் என் ஸ்டூடியோச் சுவரில் ஒரு நீளப் படம் தொங்குகிறது. ஆறு படங்களை ஒன்றோடொன்று ஒட்டிச் செய்தது. பல வருடங்களுக்கு முன் எங்கள் தோட்டத்து மைதானத்தில் பந்தாட்ட இறுதிப் போட்டி நடந்தபோது, பந்தையும் ஆட்டக்காரர்களையும் விட்டுவிட்டுக் கரையில் நின்ற கூட்டத்தை மட்டும் எடுத்தேன். நிறம் வெளுத்து, இப்போது எல்லா முகங்களிலும் தேயிலைச் சாயம் ஏறியிருக்கிறது. படத்தின் இடது முனையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுர ஓட்டை. பாஸ்போர்ட் படம் எடுக்க வந்து உட்காருகிறவர்களிடம் கெமராவைப் பார்க்கச் சொன்னால் அந்த ஓட்டையைத்தான் பார்க்கிறார்கள். "எலி கடிச்சிருச்சாண்ணே?" என்று கேட்பார்கள். சதுரமாகக் கடிக்கிற எலி எந்தத் தோட்டத்தில் இருக்கிறது என்று நானும் கேட்பேன். வலது முனையில், தலையில் துண்டு கட்டி, வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பவர் என் மச்சான், அக்காவின் கணவர். ஓட்டை இருக்கும் இடத்திலும் முன்பு அவர்தான் நின்றார்.

மச்சான் காலையில் இறப்பர் பால் வெட்டுவார். மாலையில் தோட்டத்துப் பந்தாட்ட அணிக்குக் கூச்சல் போடுவார். அவர் காலில் பந்து பட்டு யாரும் பார்த்ததில்லை. ஒரு வெற்று எண்ணெய்த் தகரமும் ஒரு கம்பும் அவருடைய ஆயுதங்கள். எதிர்த் தோட்டத்து கோல் காப்பாளனின் குடும்ப வரலாற்றை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொண்டு, வலைக்குப் பின்னால் நின்று தகரத்தைத் தட்டியபடி அதை விளக்கமாகச் சொல்வார். "ஆடுறவன் பதினோரு பேரு, மாப்ள. தோக்கிறது பூராத் தோட்டமும்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாசகம். அதனால்தான் இறுதிப் போட்டியன்று பூராத் தோட்டத்தையும் படம் எடு என்று என்னைப் பிடித்து நிறுத்தினார். என்னிடம் இருந்த கெமராவுக்கு அவ்வளவு பேர் கொள்ளவில்லை. இடப்பக்கம் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஆறு தடவையில் எடுக்க வேண்டும் என்றேன். உடனே அவர் முகத்தில் ஒரு விஷமம் வந்தது. ஒரு அமுக்குக்கும் மறு அமுக்குக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். கொஞ்ச நேரந்தான் என்றேன். "மெதுவாச் சுத்து மாப்ள, என்ன அவசரம்?" என்று சொல்லிவிட்டு இடது முனையில் போய்ச் சாதுவாக நின்றார். அவிசாவளையில் படம் கழுவி வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. முதல் அமுக்கு முடிந்ததும் கூட்டத்தின் முதுகுப் பக்கமாக இறங்கி, இறப்பர் மரங்களுக்குள் விழுந்தடித்து ஓடி, நான் ஆறாவது அமுக்குக்குத் திரும்புவதற்குள் வலது முனையில் ஏறிவிட்டிருந்தார். முழங்காலில் அடிபட்டதை அக்காவிடம் ஒரு வாரம் மறைத்தார்.

அந்த மனிதரைப் பத்து வருடங்களுக்கு முன் மலை எடுத்துக்கொண்டது. மூன்று நாளாக மழை விடவில்லை. மேல் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்களைப் பள்ளிக்கூடத்துக்கு இறங்கச் சொல்லியிருந்தார்கள். நான் டவுனிலிருந்து பாண் ரொட்டி வாங்கிக்கொண்டு பின்னேரம் அங்கே போயிருந்தேன். பள்ளிக்கூடத்து வாசலில் ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவர்களுக்கு நான் பாண் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மச்சான் லயத்துக்குப் பின்னால் அடைத்துக்கொண்ட தண்ணீர்க் கானை வெட்டிவிட்டு வந்துவிடுவதாகச் சொல்லி மண்வெட்டியோடு மேலே போயிருந்தார். அப்போது எனக்கு எதிரே நின்ற எல்லா முகங்களும் ஒரே நேரத்தில் மாறின. எல்லாக் கண்களும் என் தோளுக்கு மேலாகப் போயின. எல்லா வாய்களும் திறந்தன. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. நான் திரும்பியபோது லயம் இருந்த இடத்தில் செம்மண் இருந்தது. மலை இடிந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்தவர்களின் முகங்களைத்தான் பார்த்தேன்.

பெக்கோ மெஷின் வைத்துப் பல நாட்கள் தோண்டினார்கள். எண்ணெய்த் தகரம் கிடைத்தது, நசுங்கி, அப்பளம் போல. மச்சான் கிடைக்கவில்லை. உடம்பு கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் செய்து, அதைத் தகனம் பண்ணிக் கருமாதி செய்வது எங்கள் வழக்கம். அக்கா மறுத்துவிட்டாள். "புல்லுக்கா நான் தாலி கட்டிக்கிட்டேன்? ஆளக் காட்டுங்க, அறுத்துக்கிறேன்" என்றாள். பொட்டு அழியவில்லை, தாலி கழுத்திலேயே இருந்தது. மறுமாதமே பால் வெட்டப் போனாள். வெளிப்பார்வைக்கு எல்லாம் பழையபடிதான். ஆனால் கூட்டம் எங்கே கூடினாலும் அக்கா அங்கே இருப்பாள். கோவில் திருவிழாவில் தேர் அசையும்போது எல்லாரும் சாமியைப் பார்ப்பார்கள்; அவள் தேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வடம் பிடிக்கிற ஆண்களை ஒவ்வொருவராகப் பார்ப்பாள். அவிசாவளை பஸ் ஸ்டாண்டில், தேர்தல் கூட்டத்தில், அடுத்த தோட்டத்துச் சாவு வீட்டில் எல்லாம் அப்படித்தான். கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும். பார்த்து முடிப்பதற்குள் கலைந்துவிடும். வீட்டுக்கு வந்து, "பாதிதான் பாத்தேன்" என்பாள்.

போன வருடம் அக்காவின் மகளுக்கு இரத்தினபுரிப் பக்கத்து மாப்பிள்ளை ஒருவர் அமைந்தார். மாப்பிள்ளையின் தாயார் நல்ல மனுஷி. ஆனால் ஒரு கேள்வியில் மட்டும் நின்றுகொண்டார். "அப்பா இருக்காரா, இல்லையா? ஒரு வார்த்த சொல்லிருங்க சம்மந்தி. இருக்காருன்னா வரட்டும். இல்லேன்னா மொறையா காரியத்தச் செஞ்சு முடிங்க. ரெண்டுங்கெட்டானா ஒரு வீட்டுல எப்படிப் பொண்ணெடுக்கிறது?" அதில் கோபிக்க ஒன்றுமில்லை. கலியாணக் கார்டு அடிப்பது என் ஸ்டூடியோவின் உபதொழில்; தாய்மாமன் என்ற முறையில் இந்தக் கார்டு என் பொறுப்பு. மச்சானின் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று போடுவதா, வேண்டாமா? நாலெழுத்து. அதற்கான இடத்தை வெறுமையாக விட்டு ஒரு மாதம் காத்திருந்தேன். கடைசியில் மகளுக்காக அக்கா இறங்கி வந்தாள். வருகிற அமாவாசையில் கருமாதி என்று நாள் குறித்தோம். அவள் சம்மதித்த குரலில் சம்மதம் இருக்கவில்லை.

சரியாக அந்த வாரத்தில்தான் கொழும்பிலிருந்து எனக்கு ஓர் அழைப்பு வந்தது. நான் சில கலியாணங்களுக்கு உதவிக்குப் போன பெரிய படப்பிடிப்பாளர் ஒருவர் இடுப்புப் பிடித்துப் படுத்துவிட்டார். கொழும்பில் இருக்கும் அந்தப் பேர்பெற்ற பந்தாட்ட மைதானத்தில் அரையிறுதி ஆட்டம். ஒரு விளம்பரக் கம்பெனிக்குச் சுவர் நீளத்துக்குக் கூட்டத்தின் படம் ஒன்று வேண்டுமாம். "ஆட்டத்தப் பாக்காத. கூட்டத்தப் பாரு. அவ்வளவுதான் வேல" என்றார். நாடறிந்த மைதானத்துக்குள் கழுத்தில் அட்டை தொங்கவிட்டுக்கொண்டு போகிற பெருமையில் எதற்குத் தலையாட்டினேன் என்று யோசிக்கவில்லை.

கோட்டோரமாக முக்காலியை ஊன்றி, மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றபோதுதான் புரிந்தது. ஆயிரக்கணக்கான முகங்கள், படிப்படியாக, மலைச்சரிவில் நட்ட மரங்களைப் போல. ஒன்றுகூட என்னைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்களும் என் தோளுக்கு மேலாக, எனக்குப் பின்னால் இருக்கும் எதையோ பார்த்துக்கொண்டிருந்தன. திடீரென்று அத்தனை பேரும் ஒரே மூச்சை உள்ளே இழுத்தார்கள். வாய்கள் திறந்தன. முக்காலியை விட்டுத் துள்ளினேன். திரும்பிப் பார்த்தால், கோல் காப்பாளன் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படுத்திருக்கிறான், வேறொன்றும் இல்லை. மறுபடி கூட்டத்தின் பக்கம் திரும்பினேன். மறுபடி அதே பயம். அரை மணி நேரத்தில் ஏழெட்டுத் தடவை திரும்பியிருப்பேன். காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் அருகில் வந்து, தம்பி என்கிற உரிமையில் சிங்களத்தில், "மல்லி, யாருக்காவது கடன் குடுக்க வேண்டியிருக்கா?" என்று கேட்டார். மலைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். பல்லைக் காட்டி வைத்தேன். இடப்பக்கம் தொடங்கி, மெதுவாகத் திருப்பி, பதினாறு தடவை அமுக்கினேன். என்னை அறியாமலே அந்தப் பழைய வேகம் கைக்கு வந்திருந்தது.

மறுநாள் பின்னேரம், தெஹியோவிட்டவுக்கே உரிய நாலு மணி மழை இருட்டிக்கொண்டு வந்த வேளையில், கொம்பியூட்டரில் பதினாறு படங்களையும் இணைத்துவிட்டு, முகங்கள் தெளிவாக இருக்கின்றனவா என்று பெருக்கிப் பார்த்துக்கொண்டே போனேன். மூன்றாவது படத்தில் ஒரு முகம் நேராக என்னைப் பார்த்தது. அத்தனை பேரும் பந்தைப் பார்க்க, அந்த ஒருவர் மட்டும் கெமராவைப் பார்த்தார். தலையில் துண்டு. வாய் லேசாகத் திறந்திருந்தது. மச்சான் சாடை. சாடைதானே, கூட்டத்தில் ஆயிரம் சாடை இருக்கும் என்று சொல்லிக்கொண்டு நகர்ந்தேன். ஒன்பதாவது படத்தில் அவரே நின்றார். அதே துண்டு, அதே பார்வை. பதினான்காவது படத்திலும் நின்றார். இன்னும் பெருக்கினேன். முகம் சின்னச் சின்னக் கட்டங்களாக உடைந்தது. பார்வை மட்டும் உடையவில்லை. ஒரே கூட்டத்தில் மூன்று இடத்தில் நிற்கிறவர் உலகத்தில் ஒருவர்தானே? மெதுவாச் சுத்து மாப்ள என்று காதுக்குள் கேட்டது. கேட்டது ஞாபகத்தில்தான் என்று இன்றைக்குச் சொல்வேன். அன்றைக்கு நாற்காலியைத் தள்ளிவிட்டு மழைக்குள் ஓடி, பக்கத்துப் பேக்கரியில் போய் நின்றேன்.

பேக்கரி முதலாளி சிங்களவர், என் பழைய சிநேகிதர். "மல்லி, மூஞ்சில மாவு பூசியிருக்கா?" என்றார். தண்ணீர் கேட்டேன். தேத்தண்ணீர் கொடுத்தார். என் மூளை அப்போது நடத்திய விசாரணையை இங்கே எழுதத்தான் வேண்டும். நான் எவ்வளவு பெரிய தைரியசாலி என்பதை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டாமா? ஒன்று, மச்சான் உயிரோடு இருக்கிறார். அப்படியானால் இந்த ஒன்பது வருடத்தில் அவருக்கு வயது ஏறியிருக்க வேண்டும், படத்தில் ஏறவில்லை. அல்லது, செத்துப்போனவர்தான் வந்திருக்கிறார். செத்தவர் எதற்காகக் கொழும்புக்கு வந்து, வரிசையில் நின்று, அரையிறுதி பார்க்க வேண்டும்? இதையெல்லாம் விட ஒன்று என்னைக் குடைந்தது. அமாவாசைக்குப் பத்து நாள் இருந்தது. உயிரோடு இருக்கிறவருக்குப் புல்லில் உருவம் செய்து கொளுத்திவிட்டால்? அக்கா தாலியைக் கழற்றி வைத்த மறுநாள் அவர் தகரத்தோடு வந்து நின்றால்? சரி, அக்காவிடம் சொல்லிவிடலாம். சொன்னால் கருமாதி நிற்கும், கலியாணமும் நிற்கும், மச்சானும் வராமல் போனால் அக்கா மகளின் கதி? சொல்லாமல் இருக்க முடிவு செய்தேன். இவ்வளவு பொறுப்பான முடிவை எடுத்தபோது நான் பேக்கரியில் மாவு மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

பதினாறு படங்களையும் பெரிய தாள்களில் அச்செடுத்து, ஸ்டூடியோத் தரையில் வரிசையாகப் பரப்பிப் பார்த்தேன். அந்த மூன்று தாள்களின் பிரதிகளை மட்டும் சுருட்டிக் குடைப் பைக்குள் வைத்துக்கொண்டு, இறுதிப் போட்டி நடந்த சனிக்கிழமை மறுபடியும் கொழும்புக்குப் போனேன். சாவியைப் பேக்கரி முதலாளியிடம் கொடுத்தேன். எங்கே போகிறேன் என்று அவர் கேட்டதற்கு, ஓர் ஆளைப் பார்க்க என்றேன். அதுவரையில் பொய் இல்லை.

இந்தத் தடவை கூட்டத்துக்குள்ளேயே இருந்தேன். படிகளுக்கு நடுவே ஆட்கள் நடக்க ஒரு பாதை ஓடும். அந்தப் பாதையில்தான் மூன்று இடத்திலும் அவர் நின்றிருந்தார். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும். இடது முனையில் அந்தத் தலைத்துண்டு தெரிந்தது. மெல்ல மெல்ல என்னை நோக்கி வந்தது. நிற்கும், நகரும், நிற்கும். ஒன்பது வருடமாகக் காணாத மச்சான் நேரில் வந்தால் ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும்? ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும். நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்கு ஒரு சேவல் நேர்ந்தேன். பயம் கூடியதும் இரண்டாக்கினேன். காலடி எனக்கு முன்னால் வந்து நின்றது. தாளித்த மிளகாய் வாசம் அடித்தது.

"மஹத்தயா, கடல?"

கண்ணைத் திறந்தேன். இடுப்பில் கூடை, கூடையில் அவித்த கடலை. கூடையைத் தலையில் சுமப்பதற்காகக் கட்டிய துண்டு. முப்பத்தைந்து வயது இருக்கலாம். மச்சானின் தாடை, மச்சானின் நெற்றி. ஆனால் கண் வேறு, குரல் வேறு, ஆள் வேறு. தாள்களை விரித்துக் காட்டினேன். அவர் மூன்றையும் பார்த்துவிட்டுக் கூடை குலுங்கச் சிரித்தார். "அன்றைக்குப் பந்தைப் பார்க்காமல் எங்களையே முறைத்துக்கொண்டு நின்ற பைத்தியக்காரர் நீங்கள்தானா?" என்றார், முழுவதும் சிங்களத்தில். "எல்லாரும் என்னை விட்டுவிட்டுப் பந்தைப் பார்க்கிறார்கள். நீங்கள் ஒருவர்தான் இந்தப் பக்கம் பார்த்தீர்கள். கடலைக்குக் கூப்பிடுவீர்கள் என்று உங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்." அவ்வளவுதான். நான் இடமிருந்து வலமாகக் கெமராவைத் திருப்பிய அதே வேகத்தில் அவரும் இடமிருந்து வலமாகக் கடலை விற்றிருக்கிறார். முன்வரிசைத் தலைகள் கூடையை மறைத்துவிட்டன. இந்தத் தொழிலில் இத்தனை வருடம் இருந்தும் எனக்கு இது தோன்றவில்லை. ஒரே ஆள் பல இடத்தில் நின்றால் அது அவர்தான் என்று மச்சானே எனக்குப் பிழையாகக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நாலு பொட்டலம் வாங்கினேன். பஸ்ஸில் உட்கார்ந்து தின்னத் தின்னக் கண்ணில் தண்ணீர் வந்தது. காரம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அவர் ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை ஸ்டூடியோவுக்கு வந்தபோது கதவு திறந்திருந்தது. கார்டைப் பார்க்க வந்த அக்காவுக்குப் பேக்கரி முதலாளி கதவைத் திறந்துவிட்டிருந்தார். தரையில் பரப்பிய பதினாறு தாள்களுக்கு நடுவே அவள் குந்தியிருந்தாள்.

"இது என்னடா இத்தன சனம்?"

பொய் சொல்ல வாயைத் திறந்தேன், உண்மை வந்துவிட்டது. கடலைக்காரர் வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டினேன். மூன்று இடத்தையும் தொட்டுக் காட்டினேன். அவள் மூன்றையும் நிதானமாகப் பார்த்தாள்.

"இவனா ஒங்க மச்சான்? கண்ணக் கொண்டுபோயி டாக்டர்ட்ட காட்டு. மூணு எடத்துல நிக்கிறதுக்கு அவருக்கு மூச்சு ஏது? ரெண்டுக்கே நாக்கு தள்ளிப் போச்சு."

நான் சிரித்தேன். பெரிய பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"சரி, இவன் இல்ல. மத்தவங்க?"

"மத்தவங்களா?"

"மத்தவங்களப் பாத்தியாடா, ஒண்ணொண்ணா?"

நான் பார்த்திருக்கவில்லை. ஒருவரைக் கண்டதும் மற்ற ஆயிரக்கணக்கான பேரை விட்டுவிட்டேன். அக்கா என் மேசையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டாள்.

மூன்று நாட்கள். ஞாயிறு முழுவதும்; பிறகு இரண்டு நாள், காலையில் பால் வெட்டி, நிறுத்துக் கொடுத்துவிட்டு, கையில் இறப்பர் பால் வாசம் போகுமுன்னே வந்துவிடுவாள். பால் வெட்டுகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. தனக்கு ஒதுக்கிய மரங்களில் ஒன்றைக்கூட விடாமல், வரிசை பிடித்து ஏறி, அடுத்த வரிசையில் இறங்குவார்கள். அக்கா கூட்டத்தை அப்படித்தான் பார்த்தாள். முதல் தாளின் கீழ் வரியில் தொடங்கி, மேலே ஏறி, திரும்பி இறங்கி. எழுந்து போகும்போது நின்ற இடத்தில் ஒரு நெருப்புக் குச்சியை வைத்துவிட்டுப் போவாள். படம் எடுக்க வந்தவர்கள் அவளைச் சுற்றிக் கடந்து போனார்கள். நான் ஸ்டூல் மேல் உட்கார்ந்து, அந்தக் குச்சி நாளுக்கு நாள் வலப்பக்கம் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழைச் சத்தத்துக்கு நடுவே அவள் உதடு அசைவது மட்டும் தெரியும். சிலபோது ஒரு முகத்தில் நின்றுவிடுவாள். அப்போதெல்லாம் தரையில் கிடந்த அந்தச் சனம் முழுவதும் மூச்சை இழுத்துக்கொண்டு அவளையே பார்ப்பது போல இருக்கும். எனக்கு இரண்டு பயம். அவள் யாரையாவது கண்டுவிடுவாளோ என்று ஒன்று. முடித்துவிட்டு, 'வேற கூட்டம் இருக்காடா?' என்று கேட்டுவிடுவாளோ என்று மற்றது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் குச்சி கடைசித் தாளுக்கு வந்தது. வலது முனையில், கடைசி வரிசையில், கடைசி ஆளிடம் அவள் வெகுநேரம் நின்றாள். நான் தாளைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நடப்பதை முகத்தில் பார்த்துத்தானே எனக்குப் பழக்கம்? அந்த முகம் மாறியது. ஆனால் வாய் திறக்கவில்லை, கண் விரியவில்லை. நெற்றியில் இருந்த ஒரு முடிச்சு அவிழ்ந்தது, அவ்வளவுதான். பூதக்கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

"இல்லடா."

கண்ணாடியை வாங்கி மேசையில் வைத்தேன்.

"பூராவும் பாத்துட்டேன். ஒரு மரம் விடல." எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "கார்டுல அமரர்னே போட்டுரு தம்பி."

இந்த நாட்டு ஜனத்தொகையில் அது ஒரு மைதானம்தான் என்று வாதாட அப்போதும் என்னிடம் சாமர்த்தியம் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். அவள் ஒன்பது வருடமாகத் தேடியது எல்லாக் கூட்டத்தையும் அல்ல; பார்த்து முடிக்கும்வரை கலையாமல் நிற்கிற ஒரு கூட்டத்தை. அது கிடைத்துவிட்டது.

கருமாதிக்கு மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டும். வீட்டில் இருந்த படங்களெல்லாம் லயத்தோடு மண்ணுக்குள் போய்விட்டன. அக்கா சுவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டு பேரு நிக்கிறாங்கல்ல. ஒருத்தர வெட்டி எடு."

"எந்த ஆள, அக்கா?"

"மூச்சு வாங்காதவர."

பிளேடை எடுத்து இடது முனையில் வெட்டினேன். நான் பிளேடை வைத்தபோது, அவர் ஓடப் போகிற விஷமத்தை அடக்கிக்கொண்டு, எதுவும் தெரியாதவர் போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சதுரம் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. அமாவாசையன்று ஆற்றங்கரையில், தர்ப்பைப் புல்லால் கட்டிய மச்சான் ஒரு கைப்பிடி நெருப்பில் எரிந்து முடிந்தார். அக்கா தாலியைத் தானே கழற்றினாள். அழுதது நான்தான். "ஆம்பளையாடா நீ?" என்று அவள்தான் என்னைப் பிடித்துக்கொண்டாள். தை மாதத்தில் கலியாணம் நடந்தது. கார்டில் எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. இரண்டு சேவல் கடனையும் தீர்த்துவிட்டேன். காரணம் கேட்ட பூசாரியிடம் தொழில் விருத்திக்கு என்றேன்.

இப்போது தேர்த் திருவிழாவில் அக்கா சாமியைப் பார்க்கிறாள். தேருக்கு முதுகைக் காட்டி நிற்பவன் நான். கூட்டத்தை எடுக்க வேண்டுமென்றால் வேறு வழியில்லை. இடப்பக்கம் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எடுப்பேன். இன்றும் அவர்களுடைய கண்கள் என் தோளைத் தாண்டும்போது பிடரி சிலிர்க்கிறது; இன்றும் திரும்பிப் பார்க்கிறேன், தேர்தான் இருக்கிறது. ஸ்டூடியோவில் அந்தச் சதுர ஓட்டையை அடைக்கவில்லை. அதன் வழியாகச் சுவர் தெரிகிறது. வலது முனையில் மச்சான் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார். கடைசிப் படத்துக்குக் கெமராவைத் திருப்பிய பிறகு, உடனே அமுக்காமல் நான் கொஞ்ச நேரம் நிற்பேன். வெளிச்சம் சரியில்லையா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லி வைப்பேன். ஓடி வருகிற ஆளுக்கு நேரம் கொடுக்க வேண்டுமல்லவா?